ஐஞ்சு புள்ளி எட்டு

மூக்கப் பொத்தாதீங்க சேர், பொத்தினா வாயால போகும், அது இன்னும் அரியண்டம். நேத்து முழுக்கச் செத்த இறால அள்ளி அள்ளிப் புதைச்சது நான்தான். சோறு பிசைஞ்சாலும் கையில அதே நாத்தம்.

முதலாளி உங்கள அனுப்பினது அஸ்கர் காக்காட பிழைய எழுதத்தானே? ஓம், முதலாளி கந்தப்போடியர் தொண்டையக் காறிக்காறிச் சொல்லியிருப்பார்: ம்ம்க்கும், கம்பியூட்டர் படிச்சவனாம்! நாலு குளத்து இறாலையும் சாகடிச்சிட்டான்! நாளைக்கே நிப்பாட்டு! சிரிக்காதீங்க சேர். எனக்கு எல்லார்ட குரலும் வரும். ஏ.எல். சோதினை எழுதிட்டு, அண்ணன் மாதிரி எண்டு காக்காட்ட வேலை பழக வந்தவன் நான்.

இஞ்ச திரையப் பாருங்க. தண்ணியில ஒட்சிசன் எவ்வளவு எண்டு குளத்துல கிடக்கிற பெட்டி சொல்லும். இந்தப் புரோகிராம் ரீட் எண்டு ஒரு கட்டளையால காது குடுத்துக் கேட்கும். பெட்டி பேசினா இலக்கம் வரும். போயிட்டு வாறன் எண்டு முறையா பயணம் சொல்லிட்டு நிண்டா சைபர். கரண்ட் போனா? செத்த பெட்டி பயணம் சொல்லுமா சேர்? கேட்கிறவன் வாயப் பிளந்துகிட்டே நிக்கணும். அதுக்குத்தான் முப்பது செக்கன் கெடு. தாண்டினா மைனஸ் ஒண்டு. பிழை எண்டு அர்த்தம்.

மறுகா இந்த வரி. மைனஸ் ஒண்டு வந்தா பழைய இலக்கத்தையே காட்டு. தூ! தெரியாது எண்டு சொல்ல வக்கில்லாத வரி. வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டுக்குக் கரண்ட் போய், ஒட்சிசன் ஏறத் தண்ணியக் கடையிற சில்லெல்லாம் நிண்டு, இறால் மேல வந்து துடிக்குது. இந்தக் கம்பியூட்டர் இஞ்ச பற்றரியில ஓடிக்கிட்டு ஐஞ்சு புள்ளி எட்டு, ஐஞ்சு புள்ளி எட்டு எண்டு. தெரிஞ்சிருந்தா ஜெனரேட்டரப் போட ஒரு ஓட்டம்தான் சேர். இத எழுதினவன இறாலோட சேத்துப் புதைக்கணும்.

என்ன? ஒரு மணிக்கு முதலாளி கோல் எடுத்தவரா? காக்காதான் பேசினதாமா? முதலாளி, நான் குளத்தடியிலதான் நிக்கன், ஐஞ்சு புள்ளி எட்டு, யோசிக்காதீங்க... இப்பிடியா?

அந்நேரம் அவர் பள்ளியில ஜும்மாத் தொழுகையில, சேர். அவர்ட போன் இந்த மேசையில கிடந்தது.

அவர் எழுதி வெச்சது மைனஸ் ஒண்டுக்குச் சைரன். பெட்டிட லைன் அறுந்தறுந்து வரும், அவர் போய் அரை மணித்தியாலத்துல நாலு தரம் கத்திற்று. நான் முதலாளி மாதிரிப் பேசி வீடியோ எடுத்துக்கிட்டிருந்தன். எல்லா வீடியோவுலயும் சைரன் விழுந்திட்டு. சைரன் வரிய அழிச்சிட்டு அந்த இடத்துல பழைய இலக்கத்தப் போட்டன்.

அவர்ட பேர வெட்டுங்க. என்ட பேர், நிதுர்ஷன் எண்டு எழுதுங்க.

என்ன பாக்கிறீங்க? இது என்ட குரல்தான்.