மெடிக்கல் போர்டுல மரியதாஸ் வச்ச சல்யூட்

உதவித்தொகை மனுன்னு சொன்னதுமே, டூட்டியில அடிபட்டு இங்க வந்திருக்கிற உங்கள்ல பாதிப் பேரு தலையக் குனிஞ்சுக்கிறீங்க. சரி... மனு கிடக்கட்டும். சின்னதா ஒரு கதை சொல்றேன், கேக்குறீங்களா?

மரியதாஸ்னு ஒரு தீயணைப்பு வீரர். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். பஞ்சு குடோன்ல தீ... மூணு பேர வெளிய தூக்கிட்டு வந்தாரு. கடைசி ஆளோட வர்றப்ப உத்திரம் சரிஞ்சு விழுந்து இடது முழங்கால் போச்சு. டூட்டியில அடிபட்டா அரசாங்கம் உதவும். அதுக்கு மெடிக்கல் போர்டு டாக்டருங்க பாத்து எழுதணும். மனுஷன் ஆறு மாசமா போகல! அவரு சம்சாரம் ஜெபமணிதான் இழுத்துட்டுப் போச்சு.

உள்ள மூணு பெரிய டாக்டருங்க. பாத்ததும் நம்மாளு என்ன பண்ணாரு? பல்லக் கடிச்சுக்கிட்டு... லெஃப்ட்... ரைட்... லெஃப்ட்... படார்னு ஒரு சல்யூட்!

"கால்ல என்னப்பா குறை?"

"ஒரு குறையும் இல்லைங்க சார்!"

அட பாவி! மேலதிகாரி கேட்டா அவருக்கு வேற பதிலே தெரியாதே!

டாக்டர் பேனாவ எடுத்துட்டாரு. "குறையில்லை"ன்னு எழுதிட்டா அம்புட்டுத்தான். வாசல்ல நின்ன ஜெபமணி விடுவிடுன்னு உள்ள வந்துச்சு.

"ஐயா, ஒரு நிமிஷம் எழுதாதீங்க. ஏங்க, தீக்குள்ள சிக்குனவன்கிட்ட என்ன சொல்வீங்க?"

"கையக் குடுன்னு சொல்வேன்."

"கௌரவம் பாத்துக்கிட்டுக் குடுக்க மாட்டேன்னா?"

"கன்னத்துல ஒண்ணு விட்டு இழுத்துட்டு வருவேன்!"

"அப்ப... இங்க நானும் அதயே செய்யட்டுமா?"

மூணு டாக்டரும் வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறாங்க! மரியதாசும் சிரிச்சாரு. சிரிச்சுக்கிட்டே கண்ணு கலங்கிப்போச்சு. மெதுவா நாற்காலியப் பிடிச்சாரு.

"சார்... முழங்கால் மடங்கல சார். ரொம்ப வலிக்குது."

டாக்டர் எந்திரிச்சு வந்து, தோளப் பிடிச்சு உக்கார வச்சாரு. "இதச் சொல்ல ஆறு மாசமாய்யா?"ன்னாரு. அன்னைக்கே எழுதிக் குடுத்தாரு.

என் சொந்தங்களே... இது பிச்சையா? சொல்லுங்க, பிச்சையா? எத்தன பேருக்கு நீங்க கை குடுத்திருக்கீங்க! வீட்டுக்காரர டூட்டியில பறிகொடுத்துட்டு, "எனக்கு எதுக்குங்க"ன்னு ஒதுங்கி நிக்கிற என் தங்கச்சிகளே, உங்களுக்கும்தான் சொல்றேன். இன்னைக்கு இந்த நாடு உங்ககிட்ட கைய நீட்டுது...

வெக்கப்படாம பிடிச்சுக்கிட்டு வெளிய வாங்கய்யா!