திருவேங்கடத்துக்குக் கிடைத்த தேதி

செல்லியம்மா: நவுந்து குந்தும்மா... அவரு காலை நீட்டிக்கட்டும். மல்லாந்து படுத்தா மூச்சு வாங்குதா?

தபீதாள்: எங்க படுக்கறாருக்கா! ராத்திரியெல்லாம் செவுத்துல சாஞ்சிக்கினேதான்.

செல்லியம்மா: எங்க வூட்டுக்காரரும் அப்படித்தான்... கால் வீங்கியிருக்குதே. மூஞ்சியுமா?

தபீதாள்: விடிஞ்சா மூஞ்சியும்தான். ஏங்க... தண்ணி வேணுமா?

எர்னஸ்ட்: வேணாம் தபீதா... நீ பேசு.

செல்லியம்மா: எந்த ஊரு நீங்க?

தபீதாள்: பாகாலா. சித்தூர்ல ஒரு எடத்துல நெஞ்சுக்கு எக்கோ எடுத்தோம். இந்த ஆஸ்பத்திரி டாக்டரு பாத்துட்டு, இன்னாம்மா இது, ஒரே புகையா இருக்குது, வால்வு எங்கன்னே தெரியல, இங்க திருப்பதியிலயே எடுங்கன்னுட்டாரு.

செல்லியம்மா: எங்களுக்கும் அதே கதைதான். ரெண்டு எடத்துல எடுத்தோம். ஒருத்தரு ஒண்ணுமில்லன்னாரு. இன்னொருத்தரு ஐயையோன்னாரு.

எர்னஸ்ட்: ஐயையோக்காரரு... கெட்டிக்காரரு.

செல்லியம்மா: வாய் மட்டும் நல்லாத்தான் இருக்குது இவருக்கு! எக்கோவுக்கு இன்னைக்கித் தேதியா உங்களுக்கு?

தபீதாள்: ...ஆமா. இன்னைக்கிதான்.

எர்னஸ்ட்: எதுக்குப் பொய்யி...

தபீதாள்: சும்மா இருங்க!... அடுத்த மாசம்க்கா. ஜன்னல்ல கேட்டா, "வச்சே நெல ரா"ன்னு தெலுங்குல சொல்லிட்டு சீட்டை நீட்டிட்டான். அதுவரைக்கும் இவரு தாங்கணுமே! யாராச்சும் வராம போனா நடுவுல நுழைஞ்சிடலாம்னு மூணு நாளா வந்து குந்தறோம். எல்லாரும் வந்துடறாங்க. ஆண்டவரே, யாராச்சும் ஒருத்தர் வராம இருக்கணுமேன்னு... சொல்லவே வெக்கமா இருக்குதுக்கா.

செல்லியம்மா: வுடு. நானும் அப்படி வேண்டிக்கினவதான். எங்க வூட்டுக்காரரு திருவேங்கடத்துக்கு இன்னைக்கிதான் தேதி.

தபீதாள்: உங்களுக்கு இன்னைக்கே கெடைச்சிடுச்சே, குடுத்து வெச்சவங்க. எங்க உங்க வூட்டுக்காரரு?

செல்லியம்மா: டீ குடிக்க... போனாரு.

தபீதாள்: இந்த ஒடம்போட தனியாவா வுட்டிங்க? புள்ளைங்க யாரும் வரலியா?

செல்லியம்மா: ஒரே பையன், கோவர்த்தனன். குவைத்துல இருக்கறான். பாஸ்போர்ட்டை மொதலாளி புடிச்சி வெச்சிக்கினான், வர முடியல. எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் பண்ணி அழுவறான்.

தபீதாள்: அக்கா! "திருவேங்கடம்"னு கூப்புடறாங்க. அவருதானே? ஓடுங்க, கூட்டியாங்க!

செல்லியம்மா: நீ எழுந்திரு. இவரைத் தாங்கிப் புடி.

தபீதாள்: இவரையா... ஏன்?

செல்லியம்மா: காலையிலயே சிஸ்டர்கிட்ட கேட்டுட்டேன். ரொம்ப முடியாதவங்க இருந்தா இந்தத் தேதியைக் குடுக்கலாம், பேரை மாத்தி எழுதிக்கறோம்னாங்க. போ.

தபீதாள்: வேணாக்கா! டீ குடிச்சிட்டு வந்து கேட்டா அவருக்கு இன்னா பதில் சொல்லுவீங்க?

எர்னஸ்ட்: இன்னொருத்தரைத் தள்ளிட்டு... எனக்கு வேணாம்மா.

செல்லியம்மா: நீங்க யாரையும் தள்ளலீங்க. அவரு டீக்குப் போகல. இந்தத் தேதி வரைக்கும் பல்லைக் கடிச்சிக்கினு இருந்துடறேன்னாரு, முடியல. தேதி வீணாப் போயிடக்கூடாதேன்னுதான் ஏர்பேட்டுலேர்ந்து யாருக்கும் சொல்லாம வந்தேன். நாளைக்கி அவருக்குக் கருமாதி.