லாரிக்குப் பின்னால்

அம்பத்தூரில் மின்சார ரயில் ஏறி என் எதிரே உட்கார்ந்த இரண்டு நண்பர்களுக்கும் அறுபது வயதுக்கு மேல் இருக்கும். ஒருவர் மடியில் காருக்கான புது ரேடியேட்டர் ஹோஸ். அவர்தான் ஆரம்பித்தார்.

“வண்டி ஜம்முனு கீது மாமே. ஆனா ஒரு லாரியக்கூட முந்த முடியல.”

நான் செல்போனைப் பையில் போட்டேன்.

“ஏன், இஞ்சின் இழுக்கலையா?”

“இஞ்சினெல்லாம் ஊட்லயே பிரிச்சு மாட்டிட்டேன். பழைய அமெரிக்கா வண்டியாச்சே, ஸ்டேரிங் இடது பக்கம். லாரிக்குப் பின்னால போனா எதிர்ல வர்றது எனக்குத் தெரியாது. வலது பக்கம் குந்திகினு ஊட்டுக்காரிதான் எட்டிப் பாத்து, ‘இப்போ போ’ன்னு சொல்லுவா.”

நண்பர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“தங்கச்சி போயி வருசம் ஆயிடுச்சில்ல?”

“ஆயிடுச்சு.”

“இனிமே நான் வந்து குந்தறேன்.”

“வாணாம் மாமே. அவ ‘போ’ன்னா அப்படியே மிதிப்பேன். நீ சொன்னா, நானும் ஒருதபா எட்டிப் பாப்பேன்.”

ஆவடி வந்தது. நண்பர் அந்த ஹோஸைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார்.

“அப்போ லாரிக்குப் பின்னாலயே ஓட்டு. நானும் வரேன். நமக்கு இன்னா அவசரம்?”