கட்டிய கட்டணம் திருப்பித் தரப்படாது

விசாவுக்கு எடுக்கும் போட்டோவில் சிரிக்கக் கூடாது. எனக்கு அந்த விதி பிடித்திருந்தது. மலருக்குத்தான் ஒத்துவரவில்லை. தில்லைநகர் ஸ்டூடியோவில் மூன்று முறை சிரித்துக் கெடுத்துவிட்டு, நான்காவது முறை உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "பணத்தையும் கட்டிட்டு மூஞ்சியையும் உம்முனு வச்சுக்கணுமாங்க? இது எந்த ஊரு நியாயம்?" என்றாள். ஸ்டூடியோக்காரர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்தப் போட்டோக்களும் பின்னணியில் வெள்ளை போதவில்லை என்று திரும்பி வந்தன.

மச்சான், உங்கள் தங்கை மலரின் கருமாதி முடிந்து மண்ணச்சநல்லூருக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று ஒன்று கேட்டீர்கள். "மாப்ள, இந்த வியாதி உங்களுக்கு எப்ப தெரியும்?" சுற்றி ஆட்கள் இருந்தார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதுதான், அதற்கு முன்னால் புத்தூரில் கொழுப்புக் கட்டி என்றுதான் சொன்னார்கள் என்றேன். அப்படிச் சொல்லி அனுப்பிய டாக்டரம்மா மேல் கேஸ் போடப் போவதாகச் சொன்னீர்கள். வக்கீலையும் பார்த்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அந்த அம்மா மேல் தப்பில்லை. தப்பில்லாதவர் கோர்ட்டுக்கு அலையக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். அரியமங்கலத்தில் வெல்டிங் முடிந்து வரும் இரும்புக் குழாய்களைச் சோதிக்கிறவன். கண்ணுக்குத் தெரியாத விரிசலை ஒலியலை அனுப்பிக் கண்டுபிடித்து, சிவப்புச் சாக்பீஸால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவேன். பதினான்கு வருடத்தில், முதலாளியே கெஞ்சிக் கேட்டும் கெட்ட குழாய்க்குக் கையெழுத்துப் போட்டதில்லை. இந்த வேலைக்கு ஆஸ்திரேலியாவில் ஆள் வேண்டும் என்று தெரிந்தபோது எனக்கு முப்பத்தேழு வயது.

எவ்வளவு செலவானது என்று நீங்கள் ஒருமுறை கேட்டீர்கள். சொன்னால் கோபப்படுவீர்கள் என்று சொல்லவில்லை. எனக்குத் தொழில் தெரியுமா என்று அவர்கள் பார்க்க ஒரு கட்டணம். ஆங்கிலப் பரீட்சைக்கு ஒரு கட்டணம். அரை மதிப்பெண் குறைந்தாலும் மறுபடி முழுக் கட்டணம்; நான் நான்கு முறை எழுதினேன். மலரின் பெயர் பள்ளிச் சான்றிதழில் உங்கள் அப்பாவின் இனிஷியலோடும், ஆதாரில் என் இனிஷியலோடும், பாஸ்போர்ட்டில் என் முழுப் பெயரோடும் இருந்தது. மூன்று பேரும் ஒரே பெண்தான் என்று நோட்டரி முன்னால் எழுதிக் கொடுக்க ஒரு கட்டணம். போலீஸ் சான்றிதழ் வாங்கி வைத்தோம். மற்ற காகிதம் வந்து சேர்வதற்குள் அது காலாவதியாகி, இன்னொன்று வாங்கினோம். மகள் மணிமேகலைக்குத் தனி. ஒவ்வொன்றையும் கட்டிய பிறகுதான் அடுத்தது இருப்பதே தெரியும்.

மனைவிக்கு ஆங்கிலம் வராவிட்டால் அதற்கென்று ஒரு கட்டணம் இருந்தது. என் எட்டு மாதச் சம்பளம். அதை மிச்சம் பிடிக்க வேண்டும் என்று மலர், ராஜகோபுரத்தருகே பூ விற்கும் ஆனந்தவள்ளியிடம் ஆங்கிலத்தில் பேரம் பேசிப் பழகினாள்.

"ஹவ் மச் ஒன் முழம்?"

"ட்வென்ட்டி மேடம். ஆஸ்திரேலியா போறவங்களுக்கு தர்ட்டி."

"டூ மச். ஐ கோ நெக்ஸ்ட் ஷாப்."

"போ, போ. அங்க இருக்கிறவ எங்க அக்காதான், அவ ஃபார்ட்டி சொல்லுவா."

ஆங்கிலப் பரீட்சையை இரண்டாவது முறையில் பாஸ் செய்தாள். அன்று அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். இந்தப் பயணத்தை என்னைவிட அவள் அதிகம் விரும்பினாள் என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எங்கள் ஏஜென்ட் சரத்குமார் ஆரம்பத்திலேயே இரண்டு விஷயம் சொல்லியிருந்தான். ஒன்று, நாற்பது வயதானால் விசாவுக்குப் போடும் புள்ளி குறையும். என் தொழிலில் அதற்குப் பிறகு விண்ணப்பிக்கச் சொல்லி அழைப்பே வராது. எனக்கு அழைப்பு வந்தது நாற்பதாவது பிறந்தநாளுக்குப் பதினொரு நாள் முன்னால். அறுபது நாளுக்குள் பெரிய கட்டணத்தைக் கட்ட வேண்டும். உங்கள் அப்பா போட்ட சங்கிலி அப்போதுதான் போனது. இரண்டாவது விஷயத்தை அவன் பணம் கட்டிய அன்று மறுபடியும் சொன்னான்.

"குடும்பத்துல ஒருத்தர் மெடிக்கல்ல ஃபெயில் ஆனாலும் மொத்தக் குடும்பத்துக்கும் ரிஜெக்ட் சார். பஸ் டிக்கெட் கேன்சல் பண்ற மாதிரி இல்ல. கட்டுனா கட்டுனதுதான்."

"நம்ம வீட்ல யாருக்கு என்ன இருக்கு," என்றாள் மலர். "இவருக்குத்தான் கோவம் இருக்கு. அதுக்கு எக்ஸ்ரே எடுப்பாங்களா தம்பி?"

பொங்கல் முடிந்த வாரம், குளித்துவிட்டு வந்தவள், இடது மார்பில் சுண்டைக்காய் அளவில் என்னவோ தட்டுப்படுகிறது என்றாள். புத்தூருக்குக் கூட்டிப் போனேன். தாமதிக்கவில்லை. ஸ்கேன் எடுத்தார்கள், ஊசி போட்டுத் துளி சதை எடுத்தார்கள். கவுன்டரில் இருந்த பெண் போன் நம்பர் கேட்டபோது மலர் என் நம்பரைச் சொன்னாள். அவள் கைப்பையிலும் போன் இருந்தது. ஆனால் கேஸ் சிலிண்டர், ரேஷன் கார்டு, மகளின் ஸ்கூல் எல்லாவற்றுக்கும் என் நம்பர்தான். உங்கள் வீட்டிலும் அப்படித்தான். கவுன்டரில் நிற்கிற எந்தப் பெண்ணும் இதற்கு யோசிப்பதில்லை. அவள் தன் நம்பரைச் சொல்லியிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலை இருந்திருக்காது.

வியாழக்கிழமை பதினொன்றரை மணிக்கு ரிப்போர்ட் என் வாட்ஸ்அப்புக்கு வந்தது. ஒரு பக்கம்தான். நானே ரிப்போர்ட் எழுதுகிறவன். எனக்குப் படிக்கத் தெரியும். கம்பெனி மாடிப்படிக்குக் கீழே போய் நின்று டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் சொன்னதைக் கடைசியில் எழுதுகிறேன். பிறகு மிச்சமிருந்த ஒன்பது குழாய்களையும் சோதித்து முடித்தேன். அதில் இரண்டைத் திருப்பி அனுப்பினேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கொழுப்புக் கட்டி, ஒன்றும் செய்யாது என்று மலரிடம் சொன்னேன். "அப்பாடா" என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பிறகு எழுந்து போய் மணிமேகலைக்குக் கேசரி கிளறினாள். அன்றும் அதற்கடுத்த பல மாதங்களும் அவள் பயமில்லாமல் தூங்கினாள். அதைக் கொடுத்தவன் நான் என்பதையும் நீங்கள் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சென்னையில் மெடிக்கல் ஒன்பது நாள் கழித்து. ஏற்கெனவே தேதி வாங்கியிருந்தோம். கேட்காததைச் சொல்ல வேண்டாம் என்று மட்டும் சொல்லியிருந்தேன். புற்றுநோய் உண்டா என்று படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. மலர் இல்லை என்று டிக் போட்டாள். அவளைப் பொறுத்தவரை அது உண்மை. ஒரு சிரிப்பையே அடக்க முடியாதவள், தெரிந்திருந்தால் அந்த டாக்டர் முன்னால் பொய் சொல்லித் திண்டாடியிருப்பாள். நான் அவளைப் பொய் சொல்ல வைக்கவில்லை.

மெடிக்கல் முடிந்ததும் சிகிச்சையைத் தொடங்கிவிடலாம் என்றுதான் இருந்தேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். ஆனால் ஊர் திரும்பியதும் சரத்குமார் புதிதாக ஒன்று சொன்னான். விசா கையில் வரும்வரை யார் உடம்பிலாவது மாற்றம் இருந்தால் தெரிவிக்க வேண்டும். மறுபடி மெடிக்கல் கேட்டாலும் கேட்பார்கள். இதை முதலிலேயே சொல்வதற்கென்ன? மூன்று வருடமாக இப்படித்தான், ஒரு கதவைத் திறந்தால் அடுத்த கதவில் பூட்டு. சரி, விசா வரட்டும் என்று வைத்துக்கொண்டேன். மூன்று நான்கு மாதத்தில் வந்துவிடும் என்றார்கள். புத்தூரிலிருந்து நர்ஸ் இரண்டு முறை கூப்பிட்டாள். "சார், மேடத்தை எப்ப கூட்டிட்டு வர்றீங்க?" சென்னையில் பார்க்கிறோம் என்றேன். மூன்றாவது முறை கூப்பிட்டபோது அந்த நம்பரை பிளாக் செய்தேன்.

ஆடிப்பெருக்குக்கு நீங்கள் அம்மா மண்டபம் வந்தீர்களே, அப்போது அது எலுமிச்சங்காய் அளவு இருந்தது.

"என்ன மாப்ள, ஆஸ்திரேலியாக்காரி இப்பிடி இளைச்சுட்டா? சோறு போடுறீங்களா இல்லையா?"

"இங்கிலீஷ் பேசுனா ஒடம்பு கரையும்ணே," என்றாள் அவள். "நீ ரெண்டு வார்த்தை பேசிப் பாரு, உன் தொப்பை போயிடும்."

நீங்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அன்று வீடு திரும்பும்போதுதான், "ஏங்க, கொழுப்புக் கட்டி வலிக்குமா?" என்று கேட்டாள். சிலருக்கு வலிக்கும் என்றேன். வேறு டாக்டரிடம் காட்டலாமா என்றாள். விசா வரட்டும், அங்கே எல்லா வசதியும் இருக்கிறது என்றேன். தலையாட்டினாள். அவள் என்னிடம் ஒன்றை இரண்டு முறை கேட்கிறவள் இல்லை.

டிசம்பர் ஒன்பதாம் தேதி மூன்று பேருக்கும் விசா வந்தது. அன்று அவளால் படியேற முடியவில்லை. முதுகுவலி என்றாள். ஜனவரியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது எலும்பு வரைக்கும் பரவியிருந்தது. இதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கும் தெரியும்; அவள் இருந்த ஆறு வாரமும் நீங்கள் கூடவே இருந்தீர்கள். நீங்கள் டீ வாங்கப் போயிருந்த ஒரு மதியம் அவள் கேட்டாள்.

"அன்னைக்கு ரிப்போர்ட்ல என்னதாங்க போட்டிருந்துச்சு?"

"கொழுப்புக் கட்டின்னுதான் மலரு."

போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். "அப்ப அவங்கதான் தப்பா பாத்துட்டாங்க. பாவம், வேணும்னா செஞ்சிருப்பாங்க? விடுங்க, எங்கண்ணன்கிட்ட சொல்லாதீங்க, போயி சண்டை போடும்."

இனி டாக்டர் போனில் சொன்னது. "ஆரம்ப நிலைதான் சார். சின்னது. இந்த மாசமே ஆபரேஷன் பண்ணிட்டா அநேகமா முழுசா குணமாயிடும், பயப்படாதீங்க." எவ்வளவு நாள் தள்ளிப் போடலாம் என்று கேட்டேன். அவருக்கு என் கேள்வி புரியவில்லை. ஒரு வருடம் போட முடியுமா என்று விளக்கிக் கேட்டேன். "ஒரு வருஷம் போட்டா அவங்க இருக்க மாட்டாங்க சார்," என்றார். நன்றி சொல்லி வைத்தேன். ஆக, மச்சான், எனக்கு முதல் நாளே தெரியும். என்ன ஆகும் என்பதும் தெரியும். ரிப்போர்ட்டை இதோடு வைத்திருக்கிறேன். வக்கீலிடம் கொடுத்துவிடுங்கள்.

பிள்ளையை உங்களிடம் விட்டுவிட்டுப் போகச் சொன்னீர்கள். யோசித்தேன். அவளுக்கும் பணம் கட்டியிருக்கிறது. இது உங்கள் கைக்கு வரும்போது நாங்கள் திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போய், அங்கிருந்து அடுத்த விமானமும் ஏறியிருப்போம்.

மலரிடம் சொல்லியிருந்தால் அவளும் என்னோடு சேர்ந்து இதையேதான் முடிவு செய்திருப்பாள். அந்தப் பாரம் அவளுக்கு வேண்டாம் என்றுதான் கேட்கவில்லை. அவள் பெயருக்கு வந்த விசா இன்னும் நான்கரை வருடம் செல்லும். நான் வாங்கிக் கொடுத்துவிட்டேன். அவள்தான் வரவில்லை.