தபால் பெட்டிச் சாவி

அந்தக் கோடையில் அஜ்மானில் எத்தனை நாள் புழுதிக்காற்று அடித்தது என்று கேட்டால் என்னால் சரியாகச் சொல்ல முடியாது. ஆறு என்று நினைக்கிறேன். பத்தாகவும் இருக்கலாம். மூன்று வருடம் ஆகிவிட்டது, பத்மநாபன் சார். தேதிகள் முன்பின்னாக இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். என் மேல் வந்திருக்கும் மனுவைப் பற்றி விசாரிக்கக் கம்பெனி உங்களை அனுப்பியிருக்கிறது. நானும் மறைக்கப்போவதில்லை.

எழுபத்தைந்தில் நம் கம்பெனியின் கால்பந்து அணி பதினான்கு ஆட்டங்களில் நாற்பத்தொரு கோல் வாங்கியது. கோல் கீப்பர் சதக்கத்துல்லா ஓய்வறையில் எல்லோர் முன்பும் சொன்னான்: "ரகுநாதன் சார், என்னைய கீப்பர்னு சொல்லாதீங்க. நான் வலைக்குள்ள பந்து பொறுக்குற ஆளு." எல்லோரும் சிரித்தார்கள். நான் அணியின் மேனேஜர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த முறையும் கடைசி இடம் என்றால் அணியைக் கலைத்து எல்லோருடைய விசாவையும் ரத்து செய்துவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். பதினெட்டுப் பேர். கலாஸ் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

தோல்விக்குக் காரணம் ஆட்டம் இல்லை. போட்டிகளின் நடுவே தடுப்பாட்டக்காரர்கள் மூன்று பேருக்கு ஒன்றன்பின் ஒன்றாகத் தந்தி வந்தது. தாய் கவலைக்கிடம், உடனே புறப்படவும். இந்த வாசகம் நம் ஆட்களுக்கு மனப்பாடம் என்பது உங்களுக்கும் தெரியும். லீவு வேண்டுமென்றால் ஊருக்கு எழுதித் தந்தி அடிக்கச் சொல்வார்கள். அந்தத் தாய்மார்களில் ஒருத்தி அப்போது மகனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்வரிசை ஓட்டையானது அப்படித்தான்.

எனவே கோடை இடைவெளியில் பின்வரிசையை அடியிலிருந்து கட்டினேன். முதலில் கால்களைப் பார்க்கவில்லை, ஃபைல்களைப் பார்த்தேன். தாய் தந்தை இல்லாதவர்கள், மணமாகாதவர்கள் என்று மூவரைத் தேர்ந்தெடுத்தேன். நான்காவது ஆள் ராக்கப்பன். திண்டுக்கல் பக்கம். அபுதாபி சைட்டில் கம்பி கட்டிக்கொண்டிருந்தான். அவனைத் தாண்டிப் பந்து போய் நான் பார்த்ததில்லை. ஆனால் அவனுக்கு மனைவி இருந்தாள், மீனாம்பாள். ஐந்து மாதக் கர்ப்பிணி. அந்த ஒரு விஷயத்தில் என் விதியை நானே தளர்த்தினேன். என் தவறு என்றால் அதுதான்.

நால்வரையும் ஊர்க்காரர்கள் இருக்கும் கேம்பிலிருந்து பிரித்து அஜ்மானில் ஒரு வீட்டில் வைத்தேன். இங்கே வீடு தேடித் தபால் வருவதில்லை. எல்லாம் கம்பெனியின் தபால் பெட்டிக்குத்தான் வரும். சாவி என்னிடம் இருந்தது. வெள்ளிக்கிழமை பயிற்சி முடிந்ததும் கடிதங்களைக் கொடுப்பேன். ராக்கப்பனுக்குப் படிக்கத் தெரியாது. என் அறையில் தரையில் உட்கார்ந்துகொள்வான். நான் படிப்பேன். அவன் சொல்லச் சொல்லப் பதிலும் எழுதுவேன்.

முதலில் ஒரு வரியை மட்டும் விட்டேன். மீனாம்பாளுக்குக் கால் வீங்கியிருக்கிறது என்று அவள் அண்ணன் எழுதியிருந்தார். கர்ப்பிணிகளுக்குக் கால் வீங்குவது சகஜம். அன்று மாலை ராக்கப்பன் மிக நன்றாக ஆடினான்.

ஆகஸ்டு கடைசியில் தந்தி வந்தது. மீனாம்பாள் கவலைக்கிடம், உடனே புறப்படவும். வழக்கமான வாசகம். வழக்கமான பொய் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன் என்று இப்போதும் நம்புகிறேன். மேசை இழுப்பறையில் வைத்தேன். ஆறு நாள் கழித்து இரண்டாவது தந்தி வந்தது. அது வழக்கமான வாசகம் இல்லை. அவள் இறந்துவிட்டாள். ஆண் குழந்தை இருந்தது. பன்னிரண்டாம் நாள் அதுவும் போய்விட்டது என்று பிறகு கடிதம் வந்தது.

இரண்டாவது தந்தி வந்தபோது முதல் ஆட்டத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. அவன் போயிருந்தாலும் அவளைப் பார்த்திருக்க முடியாது. இதை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். ஒருவன் போய் இருவரையும் பிழைக்க வைக்க முடியாது. ஒருவன் இருந்தால் பதினெட்டுப் பேர் பிழைப்பார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை, பையன் பிறந்திருக்கிறான், தாயும் சேயும் நலம் என்று படித்தேன். ராக்கப்பன் கடைக்கு ஓடினான். பிறகு வீடு முழுக்க அல்வா கொடுத்தான். எனக்கும் கொடுத்தான். சாப்பிட்டேன்.

அதன்பின் வாரம் ஒரு கடிதம் நானே எழுதினேன். பழைய உறைக்குள் புதிய தாளை வைப்பேன். அவன் சொல்லி எழுதிய பதில்களை நான் அனுப்பவில்லை. அண்ணனுக்கு மட்டும் ராக்கப்பன் சொல்வதுபோல் எழுதினேன்: லீவு இல்லை, காரியங்களை நீங்களே முடித்துவிடுங்கள்.

ஒருமுறை அவன் கேட்டான். "சார், எம் பொண்டாட்டி இம்புட்டுப் பேச மாட்டாளே. யாரு எழுதிக் குடுக்கிறா?"

"உங்க ஊர் வாத்தியார்னு போட்டிருக்கு."

"அப்ப அந்தாளு கைச்சரக்கையும் சேர்த்துல்ல விடுறாரு." சிரித்தான். "இருக்கட்டும் சார். நல்லாத்தான் இருக்கு. அந்தப் பல்லு மொளச்சதை இன்னொருவாட்டி படிங்க."

படித்தேன். அந்தப் பல்லை எந்த மாதத்தில் முளைக்க வைப்பது என்று நான் இரண்டு பிள்ளை பெற்ற ஒருவரிடம் விசாரித்துத்தான் எழுதினேன். பொய்யில் அலட்சியம் கூடாது.

அந்த ஆண்டு பதினான்கு ஆட்டங்களில் ஒன்பது கோல்தான் வாங்கினோம். நான்காம் இடம். ஏப்ரலில் ராக்கப்பனுக்கு லீவு கொடுத்தேன். துபாய் விமான நிலையத்துக்கு நானே கூட்டிப்போனேன். பையனுக்குச் சிவப்புச் செருப்பு வாங்கியிருந்தான், நடந்தால் சத்தம் வருவது. அதைக் கையில் போட்டு அமுக்கிக் காட்டினான். "அளவு சரியா இருக்குமா சார்?"

"சரியா இருக்கும்" என்றேன்.

நீங்கள் கேட்டதற்கு எல்லாம் சொல்லிவிட்டேன். தந்திகளை மறைத்தது நான். கடிதங்களை எழுதியது நான். வேறு யாருக்கும் தெரியாது.

முதலாளி அடுத்த வருடம் வேறு தொழிலில் இறங்கி அணியைக் கலைத்துவிட்டார். பதினெட்டுப் பேரில் பதினான்கு பேர் ஊருக்குத் திரும்பினார்கள். சதக்கத்துல்லா ஷார்ஜாவில் மீன் லாரி ஓட்டுகிறான். மீனாம்பாளின் அண்ணன்தான் மனு எழுதியவர். ராக்கப்பன் திரும்பி வரவில்லை. போன லீவில் சதக்கத்துல்லா அவனைத் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் பார்த்தானாம். யாரிடமும் பேசுவதில்லையாம். கடிதக் கட்டு மட்டும் மடியில் இருக்கிறதாம். படிக்கத் தெரிந்தவர்கள் யாராவது பக்கத்தில் உட்கார்ந்தால் ஒன்றை உருவி நீட்டுகிறானாம்.

முப்பத்தொரு கடிதங்கள். ஒன்றில்கூடக் கெட்ட செய்தி கிடையாது. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.