முப்பத்தெட்டு நிமிடமும் இரண்டு இருக்கைகளும்

நம் ஊர் விமான சேவையைக் காக்க ஊரைக் கூட்டியிருக்கும் நகரமன்றத் தலைவர் அவர்களே, கூட்டத்தைக் கண்டு மலைத்திருக்கும் விமான நிலைய மேலாளர் அவர்களே, முழங்கால் வலியோடு முன்வரிசையை நிரப்பியிருக்கும் பெரியோர்களே, பிள்ளைகளைத் தூர ஊர்களுக்குக் கொடுத்துவிட்டுத் தொலைபேசியோடு வாழும் தாய்மார்களே, வணக்கம்.

எனக்கு முன் பேசியவர்கள் முன்னேற்றம் என்றார்கள், வணிகம் என்றார்கள், வருங்காலம் என்றார்கள். அத்தனையும் அழகு. நான் வந்ததோ முழுக்க முழுக்கச் சுயநலத்துக்காக. தலைவர் பதற வேண்டாம்; பொறுப்போடுதான் பேசுகிறேன்.

கான்வென்டில் எனக்குக் கணக்கு சொல்லித்தந்த சிஸ்டருக்கு விடை மட்டும் போதாது, வழிமுறையையும் காட்ட வேண்டும். காட்டுகிறேன். நம் விமான நிலையத்திலிருந்து என் மகன் ஊர் விமான நிலையத்துக்கு வான்வழியில் நூற்று நாற்பத்திரண்டு கிலோமீட்டர்; முப்பத்தெட்டு நிமிடம். மலையைச் சுற்றும் சாலையில் ஆறு மணி நேரம்.

என் கணவர் காலமானதும் மகன் சொன்னான்: "உனக்கு ஒண்ணுன்னா நான் வந்து சேர ஆறு மணி நேரம் ஆகும்மா. வீட்டைப் பூட்டிட்டு எங்ககூட வந்துடு." அப்போதுதான் இந்தப் பத்தொன்பது இருக்கை விமானம் வந்தது. விமானம் ஓடும்வரை நான் என் வீட்டிலேயே இருக்கலாம் என்று உடன்பாடு. என் வாசற்கதவைத் திறந்து வைத்திருப்பது எது? சாவியா? இல்லை, விமானம்!

இந்த மாதம் நாளுக்குச் சராசரியாகப் பன்னிரண்டு பேர் ஏறாவிட்டால் சேவை நிறுத்தம் என்று கடிதம் வந்தது. நான் என்ன செய்தேன்? வெள்ளிதோறும் ஏறினேன். அங்கே இறங்கினேன். விமான நிலையத்திலேயே ஒரு காபி குடித்தேன். அடுத்த விமானத்தில் திரும்பினேன். பின்வரிசையில் சிரிக்கும் தம்பி, நீங்கள் ஒரு நாளாவது ஏறினீர்களா?

போன வெள்ளி, தன் அண்ணனை வழியனுப்ப வந்த என் மருமகள் கையில் அகப்பட்டேன்.

"அத்தை, வீட்டுக்கு வராம இங்க என்ன பண்றீங்க?"

"காபி குடிக்கிறேன்."

"ஏன், நம்ம வீட்டுல காபி இல்லையா?"

"இருக்கு. உள்ள வந்தா நீங்க ரெண்டு பேரும் திரும்ப விட மாட்டீங்க."

அவளும் ஒரு காபி வாங்கிக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். என்னை அழைத்து அழைத்துச் சலித்தவள்தான். குடித்து முடித்ததும், "திரும்புற விமானத்துல நானும் வரேன் அத்தை, ஒரு சீட்டு நிரம்பும்ல?" என்றாள். மாற்றுத்துணிகூட இல்லாமல் ஏறினாள். இதோ, மூன்றாம் வரிசையில் இருக்கிறாள். இருவரும் எப்போது வருவீர்கள் என்று மகன் போனில் கேட்டபோது, என் வாயிலிருந்த வார்த்தையைப் பிடுங்கியதுபோல் பதில் சொன்னாள்: "முப்பத்தெட்டு நிமிஷம்தானே, நீங்க வாங்க."

வந்தான். இன்னொரு இருக்கை நிரம்பியது.

அவையோரே, மாதத்தில் சரிபாதி போய்விட்டது; நேற்றுவரை சராசரி பத்து. இனி மாதம் முடியும்வரை நாளுக்கு நால்வர் கூடுதலாக ஏறினால் கணக்கு நேராகிவிடும். நாலே நால்வர்! உங்களுக்கு அங்கே ஒரு தங்கை இல்லையா? கோபித்துக்கொண்டு போன மாமா இல்லையா? ஆறு மணி நேரத்தைச் சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்ட ஒரு மன்னிப்பு இல்லையா? ஒருவருமே இல்லையென்றாலும் ஏறுங்கள். அங்கே காபி நன்றாக இருக்கிறது.

கேட்டவர்களுக்கு நன்றி. கைதட்டியவர்களைப் பயணச்சீட்டு வரிசையில் எதிர்பார்க்கிறேன். வணக்கம்.