கூண்டுக்குள் யார்

“ஏக்கா, இந்தக் கூண்டுக்குள்ள யார அடைச்சு வச்சிருக்கீய?”

ஏழு வயது விஜயராணி ஒருமுறை கேட்டாள். கேட்டது நம்ம சிநேகிதன் பத்ரியின் அத்தை மகள் மானசாவிடம். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்... கதவு அப்படியே இருக்கட்டும்.

மும்பையில், செம்பூர் தாண்டி அணுசக்தி நகர் போகும் வழியில் ஓர் ஆராய்ச்சிக்கூடம். எலி மூளையின் ஒரே ஒரு செல்லைக் கண்ணாடி ஊசியால் பிடித்து, அதன் துளி மின்சாரத்தைப் பதிவு செய்வது மானசாவின் வேலை. வெளி மின்சாரம் புகாதிருக்கச் செம்பு வலைக் கூண்டு. மைக்ராஸ்கோப் போக உள்ளே ஒரு பூனை படுக்கக்கூட இடமிருக்காது.

விஜயராணியின் அப்பா வானமாமலை, தாராவிக்காரர், அங்கே வயரிங் பார்த்தவர். அன்று குழந்தைக்குத் திடீரென்று ஜுரம் ஏறி வலிப்பு வந்தது. ஊசியில் அருமையான செல் ஒன்று நின்றிருந்தது. மானசா அதை அப்படியே விட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். குழந்தை பிழைத்தது.

“ஒங்களுக்கு ஒரு செல்லு கடன்பட்டுட்டேன் மேடம். எப்படியும் திருப்பித் தந்துருவேன்” என்றார் வானமாமலை. மானசா சிரித்தாள்.

ஆடி மழையில், குர்லா ஸ்டேஷன் படியில், மாரடைப்பு... அவர் போய்விட்டார்.

இது நடந்தது கார்த்திகையில். இரவு இரண்டு மணி. வாசல் சாலையில் ஓர் ஆட்டோகூட இல்லை. விடிந்தால் கமிட்டி. ஒரு சுத்தமான பதிவு காட்டாவிட்டால் ஐந்து வருஷ உழைப்பு வீண், அவள் இடமும் போய்விடும். ஆனால் ஒன்பது நாளாக ஸ்பீக்கரில் ஒரே இரைச்சல். ம்ம்ம்ம்... திரையில் கோடு கம்பளிப்பூச்சி மாதிரித் தடித்துக் கிடந்தது.

டியூப்லைட்டை அணைத்தாள். பம்ப்பைப் பிடுங்கினாள். ஏசி, மொபைல்... எல்லாம் அணைந்தது. ஊசிக்குள் போகும் வெள்ளிக் கம்பியைச் சுரண்டி, மறுபடி பிளீச்சில் ஊறவைத்துக் கருக்கினாள். ம்ம்ம்ம்... கடைசி மூளைத் துண்டு, இன்னும் இரண்டு மணி நேரம்தான் தாங்கும். சுவாமி பெயரைச் சொல்லிக்கொண்டே அழுதாள். அழுதபடியே ஒரு செல்லைப் பிடித்தாள்.

இரைச்சல் நின்றது.

கோடு நூலாக இளைத்தது. வயரில் ஈயம் உருக்கிச் சால்டர் வைக்கும்போது வருமே, குங்கிலியப் புகை... அந்த வாசனை. மிக அருகில் யாரோ மூச்சுவிடும் சத்தம்.

வானமாமலைக்கு ஒரு வழக்கம் உண்டு. இரைச்சல் வந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு, தன் உடம்பே எர்த் ஆகும்படி, கூண்டின்மேல் உள்ளங்கையை வைப்பார். சத்தம் குறைந்தால் எர்த் வயர் விட்டுவிட்டது என்று அர்த்தம். அந்த வயர் எப்போதும் அவர் பொறுப்பு. ஒன்பது நாளில் மானசாவுக்கு அது நினைவுக்கே வரவில்லை.

திரும்பிப் பார்க்க முடியாது. நாற்காலி அசைந்தால் செல் கழன்றுவிடும். வியர்வை கண்ணில் இறங்க, திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது நிமிஷம்...

“இன்னும் கொஞ்சம் பிடிச்சுக்கோங்கோண்ணா.”

மூச்சு காத்திருந்தது.

நான்கு மணிக்குப் பதிவு முடிந்தது. “போறும்ணா” என்றாள். ம்ம்ம்ம்... உடனே இரைச்சல் திரும்பியது. எழுந்து பார்த்தாள். அறையில் யாருமில்லை. அவள் போட்ட உள்தாழ்ப்பாள் போட்டபடி. எர்த் வயர் கழன்று, தூசி படிந்து, தரையில் கிடந்தது.

கூண்டைப் பார்த்தாள். செம்பு வலை ஓரிடத்தில் வெளிப்பக்கமாகப் புடைத்திருந்தது. ஓர் உள்ளங்கை. ஐந்து விரல். உள்ளேயிருந்து அழுத்திய கை.

எர்த் வயரை முறுக்கிப் பொருத்தினாள். பிறகு கூண்டின் கதவைத் திறந்துவிட்டு, முதுகைக் காட்டி நின்றாள்.

வெறுங்கால்கள் அவளைத் தாண்டி வாசல்வரை நடந்து, படியிறங்கிப் போயின. தாழ்ப்பாள் மட்டும் அசையவில்லை.